டிஸ்னி வேர்ல்டு: பாப் செஞ்சுரியா, கன்டெம்பரரியா?

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு பூங்காக்களைச் சுற்ற, குடும்பத்தோடு டிஸ்னியின் இந்த இரண்டு ஹோட்டல்களில் எதில் தங்குவது என்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

வாடகை: பாப் செஞ்சுரி மலிவு. கன்டெம்பரரி பல மடங்கு.

அறை: முன்னதில் 4 பேர், இரண்டாவது கட்டில் பகலில் மேசையாக மடங்கும். பின்னதில் 5 பேர்.

போக்குவரத்து: பாப் செஞ்சுரியிலிருந்து எப்காட் பூங்காவுக்கு ஸ்கைலைனர் கேபிள் கார், மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள். மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் பேருந்துதான். கன்டெம்பரரியிலிருந்து அங்கே நடந்தே பத்து நிமிடம். தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் திரும்பும்போது அதன் அருமை தெரியும்.

சாப்பாட்டுத் திட்டம் (முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது, இரண்டு வகை): சிறியதான குவிக் சர்வீஸில் ஆளுக்கு, தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 2 கவுன்டர் சாப்பாடு, 1 நொறுக்குத்தீனி. பெரிய திட்டத்தில் ஒரு கவுன்டர் சாப்பாட்டுக்குப் பதில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, டிப்ஸ் தனி. சின்ட்ரெல்லா கோட்டை உணவகத்தில் ஒரு வேளை சாப்பிட்டால் 2 விருந்து கழிந்துவிடும். அறையில் 3 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் ஒரே திட்டம்தான். கிளம்பும் நாள் நள்ளிரவோடு மிச்சம் காலாவதி. நொறுக்குத்தீனிக்கான கணக்கைத் தண்ணீர் பாட்டிலில் வீணாக்காதீர்கள். கவுன்டரில் ஐஸ் தண்ணீர் இலவசம்.

காலை முதல் இரவு வரை பூங்காவில் சுற்றுபவர்களுக்குப் பாப் செஞ்சுரியும் குவிக் சர்வீஸும் போதும். கைக்குழந்தையோ தாத்தா பாட்டியோ இருந்தால் கன்டெம்பரரி. பெரிய திட்டம், 60 நாள் முன்பே மேசை பிடிக்க முடிந்தவர்களுக்கு மட்டும்.