பவளத்தின் சூடு தாங்கும் திறன்: 18 மணி நேரச் சோதனையா, ஒரு மாதத் தொட்டியா, கடலிலேயே பார்ப்பதா?

ஒரே பவளத்திட்டில், ஒரே ஆழத்தில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு காலனிகள், அதாவது பவள உயிரிகளின் கூட்டங்கள். வெப்ப அலை வந்தால் ஒன்று, தன் திசுவுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசியை இழந்து வெளிறிவிடுகிறது, மற்றொன்று நிறம் மாறாமல் நிற்கிறது. எது எவ்வளவு தாங்கும் என்பதை வெப்ப அலைக்கு முன்பே எண்ணாகச் சொல்ல மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சிபாஸ் (CBASS) என்று அழைக்கப்படும் 18 மணி நேரக் கடுஞ்சூட்டுச் சோதனை. இரண்டாவது, இரண்டு மூன்று டிகிரி மட்டும் ஏற்றி ஒரு மாதம் தொட்டியில் வைத்திருப்பது. மூன்றாவது, அடையாளப் பட்டை கட்டிய காலனிகளைக் கடலிலேயே தொடர்ந்து கவனிப்பது. எங்கள் தேர்வு முதலாவது. அதற்கான காரணத்தை விரிவாகவும், அது எங்கே கைவிடும் என்பதையும் சொல்கிறேன்.

கடலில் பார்ப்பதன் பலம் வெளிப்படை: அங்கே நடப்பது உண்மையான வெளிறல், உண்மையான சாவு. செலவும் குறைவு. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான கோரல்வாட்ச் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு படிகள் உண்டு. ஒரே காலனி இரண்டு படி வெளுத்தால், உள்ளிருக்கும் பாசியின் அளவோ நிறமியோ நிஜமாகவே குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். குறை என்னவென்றால், வெப்ப அலை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகும், வெளிறாமல் நின்ற காலனி உடல் வலுவால் நின்றதா, பக்கத்துப் பாறையின் நிழலாலும் நல்ல நீரோட்டத்தாலும் நின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. செயற்கைக்கோள் தரும் வெப்பநிலை கடலின் மேற்பரப்புக்கு உரியது. காலனிக்குப் பக்கத்திலேயே வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் லாகர் கட்டாமல் எடுத்த கள விவரத்தை வைத்து காலனிகளை வரிசைப்படுத்தக் கூடாது.

ஆக, நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

18 மணி நேரச் சோதனையின் அடித்தளம், அந்த இடத்தின் ஆண்டிலேயே வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி. அது 29 டிகிரி என்றால் தொட்டிகளின் இலக்கு 29, 32, 35, 38. பகல் ஒரு மணிக்குத் தொடங்கி, மூன்று மணி நேரத்தில் இலக்குக்கு ஏற்றி, மூன்று மணி நேரம் அங்கேயே நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அடிப்படைக்கு இறக்கிவிட வேண்டும். இரவு ஏழு மணிக்கு விளக்கை அணைத்தால், எட்டு மணிக்கு ஒரு மணி நேர இருட்டுப் பழக்கம் முடிந்திருக்கும். அப்போது, பாசி உமிழும் ஒளிர்வை அளக்கும் பாம் ஃப்ளூரோமீட்டர் என்ற கருவியால் பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறனை, அதாவது எஃப்வி/எஃப்எம் விகிதத்தை அளக்கலாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாதிரி எடுத்தால் வேலை முடிந்தது.

தேவைப்படுவது பத்து லிட்டர் தொட்டிகள் எட்டு, அதாவது ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இரண்டு. தொட்டிக்கு ஒரு டைட்டானியம் ஹீட்டர், ஒரு சிறு சில்லர், நீரைச் சுழற்ற ஒரு பம்ப், எல்இடி விளக்கு, எல்லாவற்றையும் இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை. ஒரு காலனியிலிருந்து நான்கைந்து செ.மீ. நீளத் துண்டுகள், தொட்டிக்கு ஒன்று வீதம். நெருங்கி நிற்கும் காலனிகள் ஒரே தாயிடமிருந்து உடைந்து வளர்ந்தவையாக இருக்கலாம் என்பதால், குறைந்தது ஐந்து மீட்டராவது தள்ளி நிற்கும் காலனிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நான்கு வெப்பநிலைகளில் கிடைத்த விகிதங்களை வளைவாகப் பொருத்தினால், திறன் பாதியாகக் குறையும் வெப்பநிலை கிடைக்கும். அதுதான் ஈடி50, காலனிக்கு ஒரே ஒரு எண். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் டிஆர்சி தொகுப்பு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும். கவனிக்க வேண்டியது வளைவின் அடிப்பகுதி. மிகச் சூடான தொட்டியிலும் விகிதம் பாதிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், மென்பொருள் கொடுக்கும் எண் வெறும் நீட்டிப்புக் கணக்கு. அதைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

அளவீட்டில் அதிகம் தவறும் இடம் அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் கிளை நுனி. வளரும் நுனியில் பாசி குறைவு என்பதால் அது இயல்பிலேயே வெளுத்திருக்கும். அங்கே ஃப்ளூரோமீட்டரின் ஒளியிழையை வைத்தால் சமிக்ஞை பலவீனமாகி, நல்ல துண்டு கூட அடிபட்டதுபோல் தெரியும். நுனியிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. கீழே, ஒவ்வொரு துண்டிலும் ஒரே தூரத்தில் இழையை நிறுத்தி, இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். சோதனையின் நடுவில் கருவியின் உணர்திறன் அமைப்பை மாற்றக் கூடாது.

வெப்பநிலையிலும் அதே கண்டிப்பு வேண்டும். ஒரே திட்டின் காலனிகளுக்கு இடையில் ஈடி50 வித்தியாசம் பல நேரம் ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும். இரட்டைத் தொட்டிகளில் ஒன்று அரை டிகிரி விலகி ஓடினால், நாம் அளப்பது பவளத்தை அல்ல, ஹீட்டரை. கட்டுப்படுத்தியின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், எல்லா உணரிகளையும் ஒரே வாளி நீரில் போட்டு ஒரு நம்பகமான வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தொட்டிக்கு ஒரு தனி லாகரும் போட்டு, கணக்கில் இலக்கு வெப்பநிலையை அல்ல, லாகர் பதிந்த வெப்பநிலையையே சேர்க்க வேண்டும்.

இனி ஒரு மாதத் தொட்டி. முறை எளிது: நாளுக்கு அரை டிகிரி வீதம் ஏற்றி, அடிப்படைக்கு மேல் 2.5 டிகிரியில் நிறுத்தி, வெளிறலையும் சாவையும் குறித்துக்கொண்டே போவது. கடலில் நடப்பதற்கு இதுதான் நெருக்கம். தீர்ப்பை மாற்றுவது அந்த முப்பது நாள் பராமரிப்பு.

ஆவியாதலை எடுத்துக்கொள்வோம். நூறு லிட்டர் மூடிய சுற்றோட்டத் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகி, யாரும் நன்னீர் ஊற்றவில்லை என்றால், கிலோவுக்கு 35 கிராமாக இருந்த உப்பளவு ஐந்தே நாளில் 36.8 ஆகிவிடும். சூடான தொட்டியில் ஆவியாதலும் அதிகம். அதனால் உப்பளவு வித்தியாசம் வெப்பநிலை வித்தியாசத்தோடு கைகோத்து ஏறும். கடைசியில் சூடான தொட்டியில் பவளம் செத்தால், சூட்டால் செத்ததா உப்பால் செத்ததா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துக் காட்டாது. கடல்நீர் தொடர்ந்து வந்து போகும் தொட்டியில் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் அங்கே வெளியிலிருந்து வரும் நீரின் வெப்பமும் கலங்கலும் நாளுக்கு நாள் மாறும்.

அடுத்து, வெட்டிய துண்டின் அடியில் இழைப்பாசி பிடிக்கும். சூடான தொட்டியில் அது வேகமாகப் பரவி, திசுவின் ஓரத்தை மூடும். பிரஷால் தேய்த்தால் திசு கிழியும், தேய்க்காவிட்டால் ஓரம் அழுகும். இரண்டாவது வாரத்தில் உணவும் கேள்வியாகிவிடும். தீனி போட்டால் பவளம் சேமிப்பைக் காப்பாற்றிக்கொண்டு கூடுதலாகத் தாங்கும், போடாவிட்டால் பட்டினியும் சூடும் கலந்துவிடும். இதற்கிடையில் ஒரு ஹீட்டரின் ரிலே ஒட்டிக்கொண்டு இரவில் அணையாமல் போனால், மூன்று வார உழைப்பு விடிவதற்குள் வெந்துவிடும். பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாகப் பாதித் திறனுள்ள இரண்டைப் போட்டு, தனியாக ஒரு வெப்பத் துண்டிப்பானையும் இணைத்தால்தான் நிம்மதி.

இவை எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பது, சூடேற்றாமல் அடிப்படை வெப்பத்திலேயே வைக்கும் கட்டுப்பாட்டுத் தொட்டி. அதிலிருக்கும் பவளம் முப்பதாம் நாளும் முதல் நாள் நிறத்திலேயே இருந்தால் முடிவை நம்பலாம். அதுவே மெல்ல வெளுக்கத் தொடங்கினால், சூடான தொட்டியின் முடிவில் சூட்டின் பங்கு எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. 18 மணி நேரச் சோதனையில் உப்பு ஏறவும், பாசி பிடிக்கவும், பட்டினி சேரவும் நேரமே கிடையாது. மறுநாள் அதே தொட்டியைக் கழுவி அடுத்த காலனிகளை ஏற்றலாம். அதனால்தான் ஃபுளோரிடாவில், பவளத்தை நடுவதற்காக வளர்க்கும் ஆறு நாற்றங்கால்களிலிருந்து 229 மான்கொம்புப் பவளக் காலனிகளை ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க முடிந்தது. ஒரு மாதத் தொட்டியில் அந்த எண்ணிக்கையை எட்ட எத்தனை தொட்டிகள் வேண்டும்! ஒரே சூடான தொட்டியில் நாற்பது துண்டுகளை அடுக்குவதும் தீர்வல்ல. சூட்டின் விளைவைப் பொறுத்தவரை அது நாற்பது மாதிரி அல்ல, ஒன்றே ஒன்று.

எதிர்த் தரப்பின் வாதமும் வலுவானதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன சோதனையில் 9 டிகிரி கூடுதலாக ஏற்றும் தொட்டி ஏறி, நின்று, இறங்கும் ஏழு மணி நேரத்தில் தரும் மொத்த வெப்பச் சுமை வெறும் 0.27 டிகிரி-வாரம் (ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் ஒரு டிகிரி-வாரம்). 2.5 டிகிரி கூடுதலாக முப்பது நாள் என்றால் 10.7 டிகிரி-வாரம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தன் செயற்கைக்கோள் கணக்கில் 4 டிகிரி-வாரத்தைக் கவனிக்கத்தக்க வெளிறலுக்கும், 8 டிகிரி-வாரத்தைக் கடும் வெளிறலுக்கும் சாவுக்கும் எல்லையாக வைத்திருக்கிறது. ஆகவே குறுகிய சோதனை அளப்பது சேர்ந்துகொண்டே போகும் சுமையை அல்ல. பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரமும் புரதங்களும் எந்த வெப்பத்தில் உடைகின்றன என்பதையே அது அளக்கிறது. பாசியை இழந்த பிறகு பவளம் எத்தனை வாரம் கொழுப்பைக் கரைத்து உயிர் வாழும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

பலாவ் தீவில் அக்ரோபோரா டிஜிட்டிஃபெராவை வைத்துச் செய்த தெரிவு இனப்பெருக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பத்து நாள் கடுஞ்சூட்டைத் தாங்கிய பெற்றோரைத் தேர்ந்தெடுத்ததால், ஒரு மாத மிதச்சூட்டைத் தாங்கும் குட்டிகள் கிடைத்துவிடவில்லை. அதே சமயம், செங்கடலின் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவள இனத்தில் குறுகிய சோதனையும் நீண்ட சோதனையும் ஒத்த முடிவையே கொடுத்தன. இனத்துக்கு இனம் மாறும் விஷயம் இது. என் சாய்வு கிளைப்பவளங்களை வைத்து உருவானது. போரைட்டஸ் போன்ற தடித்த திசுவுள்ள உருண்டைப் பவளங்களுக்கு அதே உறுதியோடு இந்த முறையைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். அங்கே பாசி ஆழத்தில் ஒளிந்திருக்கும், துண்டு வெட்டுவதே பெரிய காயம்.

சூட்டைத் தவிர்த்த மற்ற அழுத்தங்களுக்கு வந்தால் இடைவெளி குறைகிறது. நைட்ரேட் கூடிப் பாஸ்பேட் வற்றிய நீரில் பவளம் எளிதாக வெளிறும். ஆனால் அந்தக் குறைபாடு பாசிக்குள் சேர வாரங்கள் பிடிக்கும். ஆகவே முதலில் சில வாரம் அந்த நீரில் பழக்கி, பிறகு 18 மணி நேரச் சோதனைக்கு ஏற்றுவதே பொருத்தம். ஆக்சிஜன் குறைவு வேறு வகை. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் தானாகவே குறையும் என்பதால், பம்பின் வேகம் போதாத சூட்டுத் தொட்டியில் விளக்கணைந்த பிறகு நாம் கேட்காத இரண்டாவது அழுத்தம் நுழைந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்ப்பது அவசியம்.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இது. எல்லாக் காலனிகளையும் ஒரே பருவத்துக்குள், சில நாள் இடைவெளியில், குறுகிய சோதனைக்கு உட்படுத்துங்கள். கோடையில் பழகிய காலனியின் எண்ணைக் குளிர்காலத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அந்தப் பட்டியலின் உச்சியிலிருந்து ஐந்து, அடியிலிருந்து ஐந்து காலனிகளை மட்டும் ஒரு மாதத் தொட்டிக்கு அனுப்புங்கள். பத்துக் காலனிகள் என்றால் பராமரிப்பு கைக்குள் நிற்கும். வரிசை அங்கேயும் நின்றால் நாற்றங்காலுக்குத் தாய்க் காலனிகளைத் தேர்ந்தெடுக்கலாம். நிற்காவிட்டால் அந்த இனத்துக்குக் குறுகிய சோதனையின் எண்ணை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். காலை ஏழு மணிக்கு எடுக்கும் துண்டுகளில் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைப்பதையும் முதல் நாளிலிருந்தே வழக்கமாக்குங்கள். ஒரு காலனி மட்டும் எதிர்பாராத அளவுக்குத் தாங்கியிருந்தால், அதனுள் இருக்கும் பாசி கிளாடோகோப்பியம் வகையா, டுருஸ்டினியம் வகையா என்று மரபணுவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தத் துண்டு வேண்டும்.