தார் டீசலுக்கு ஆட்டோமேட்டிக், ஜிம்னிக்கு மேனுவல்: சேர்வராயன் மலைக்கு எந்த கியர்பாக்ஸ்?

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டின் மலைப்பாதையைக் காரணம் காட்டி ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, வாங்குகிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். அடிவாரத்திலிருந்து மேலே வரைக்கும் தார் ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு, அரசு பஸ் நாள் முழுக்க ஏறி இறங்குகிற பாதை. பழைய மாருதி 800 கூட மூச்சு வாங்கியாவது மேலே போய்ச் சேர்ந்துவிடும். அந்த ரோட்டுக்காக லட்சக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் கதை வேறு. மழை விட்ட மறுநாள் எஸ்டேட் மண்பாதையில் உரமூட்டையோ ஆளோ ஏற்றிப் போகிறவருக்கு ஃபோர் வீல் அவசியம். அவர் ஷோரூமுக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் முதல் கேள்வி, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதுதான்.

என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினைப் பார்க்காமல் கியர்பாக்ஸை முடிவு செய்யக் கூடாது. மஹிந்திரா தார் டீசல் என்றால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். மாருதி ஜிம்னி என்றால் மேனுவல். ஃபோர்ஸ் கூர்க்கா என்றால் யோசிக்கவே வேண்டாம், அது மேனுவலில் மட்டும்தான் வருகிறது. "ஆஃப்-ரோடுன்னா மேனுவல்தான்யா, ஆட்டோவெல்லாம் பொம்பளைங்க ஓட்டுறது" என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்களின் பேச்சில் பாதிக்கு மேல் பழைய ஜீப் காலத்து அனுபவம், மீதி வீறாப்பு.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் என்ற பெயரில் நான்கு சாமான்கள் விற்கிறார்கள். சின்னக் கார்களில் வரும் ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மோட்டார் செய்கிறது. சி.வி.டி.யில் பெல்ட், டி.சி.டி.யில் இரட்டை கிளட்ச். இவற்றில் ஏதோ ஒன்றை ஓட்டிவிட்டு, "ஏத்தத்துல பின்னாடி உருளுது", "டிராஃபிக்ல சூடாகுது" என்று அலுத்துக்கொண்டவர் எல்லா ஆட்டோமேட்டிக்கையும் சேர்த்துத் திட்டுவார். தார், ஜிம்னி, ஸ்கார்ப்பியோ-என் மூன்றிலும் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உரசித் தேய்கிற கிளட்ச் பிளேட்டு கிடையாது, எண்ணெய் வழியாகத்தான் விசை கடக்கிறது. வண்டி நகராமல் நின்று இன்ஜின் மட்டும் சுற்றும்போது, அந்த எண்ணெய் இழுவையைச் சுமார் இரண்டு மடங்கு வரை பெருக்கியும் கொடுக்கும். மண்பாதையில் இதன் அருமை தெரியும்.

ஏறும்போது

எஸ்டேட் பாதை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சில்வர் ஓக் நிழலில் வெயில் படாத செம்மண், அதன் மேல் ஈரச் சருகு, சருகுக்கு அடியில் எங்கே கல் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் மண்சுவர், இன்னொரு பக்கம் காப்பிச் செடிகளோடு சரிவு. இதில் ஏறிக்கொண்டிருக்கும்போது முன்சக்கரம் ஒரு பாறையில் முட்டி நின்றுவிடுகிறது என்று வையுங்கள்.

மேனுவலில் என்ன செய்ய வேண்டும்? வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில். கிளட்சை மெல்ல விட்டு இன்ஜின் கடிக்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தானாகப் பிரேக் பிடிக்கும் ஹில் ஹோல்டு ஓரிரு நொடிதான் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டர் குறைந்தால் வண்டி ஆஃப் ஆகும். கூடினால் சக்கரம் சருகில் சுற்றிக் குழி பறிக்கும். இரண்டுக்கும் நடுவே ஹாஃப் கிளட்சில் தொங்கினால் பிளேட்டு கருகுகிற நாற்றம் உள்ளே வரும். பாறையைத் தாண்டிய பிறகும் ஒரு தொல்லை இருக்கிறது: ஏறிய வேகத்தில் சக்கரம் மறுபக்கம் தொபுக்கென்று விழும், வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர் வீல் கியர்) போட்டு, இடது காலைப் பிரேக்கில் லேசாக வைத்துக்கொண்டு வலது காலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதித்தால் போதும். இன்ஜின் ஆஃப் ஆகாது. இழுவை ஏறிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் சக்கரம் தானாகப் பாறை மேல் ஏறும். உச்சிக்கு வந்ததும் இடது காலை அழுத்தினால் மறுபக்கம் பூப்போல இறங்கும். சாதாரண ரோட்டில் இடது காலால் பிரேக் மிதிப்பது ஆபத்தான பழக்கம். இங்கே அதுதான் சரியான முறை. இரண்டு பெடலையும் ஒரே சமயத்தில் மிதிக்க முடிவது ஆட்டோமேட்டிக்குக்குக் கிடைத்த வரம்.

இன்னொன்று, கியர் மாற்றும் நேரம். டர்போ டீசலில் ஏற்றத்தின் நடுவில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகக் கிளட்சை மிதித்தால், அந்த ஒரு நொடியில் டர்போவின் அழுத்தமும் போகும், வண்டியின் வேகமும் செத்துப்போகும். ஆட்டோமேட்டிக்கில் இழுவை அறுபடாமலே கியர் மாறும். இதனால்தான் புதிதாக மண்பாதைக்கு வருகிறவர் ஆட்டோமேட்டிக்கில் ஏறிவிடுகிற ஏற்றத்தில், ஓரளவு பழகியவர் கூட மேனுவலில் திணறுகிறார்.

பல வருடம் ஜீப் ஓட்டிய எஸ்டேட் டிரைவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய மஹிந்திரா ஜீப் ஏற்றத்தில் ஆஃப் ஆனால் அவர்கள் கிளட்சைத் தொடவே மாட்டார்கள். லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு சாவியைத் திருகுவார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஓர் அடி முன்னால் இழுக்கும், அதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த வித்தை அதோடு போயிற்று. மேனுவலின் பெரிய பலம் ஒன்றைக் கம்பெனிக்காரர்களே பிடுங்கிக்கொண்டார்கள்.

இறங்கும்போது

இங்கே மேனுவலின் கை ஓங்குகிறது. லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு இரண்டு காலையும் எடுத்துவிட்டால், இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நேரடிப் பிடிப்பு இருக்கும். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் தானாக இறங்கும். "எறங்குறப்போ காலைச் சும்மா வெச்சுக்கங்க சார், அதுவே எறங்கும்" என்று எஸ்டேட் டிரைவர்கள் சொல்வது இதைத்தான். ஈரச் செம்மண்ணில் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பூட்டி வழுக்கும். தொடாமல் இறங்குவதுதான் பாதுகாப்பு.

ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் நடுவில் இருப்பதால் அந்தப் பிடிப்பு அவ்வளவு இறுக்கமாக இருக்காது. லீவரை 'டி'யில் விட்டுவிட்டால் வேகம் கூடக் கூட அதுவே மேல் கியருக்கும் போய்விடும். தாரில் லீவரை மேனுவல் மோடுக்குத் தள்ளி ஒன்றில் நிறுத்த வேண்டும், ஜிம்னியில் 'எல்' போட வேண்டும். இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் இருக்கிறது. ஆனால் அது பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது. சின்னச் சரிவுக்கு அருமை. நீளமான இறக்கத்தில் முழுக்க அதை நம்பினால் பிரேக் சூடாகும்.

மலைப்பாதையிலும் இதே கதைதான். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு சுமார் 1,200 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கீழ் வளைவுகளில் கண்ணாடியை இறக்கினால் பிரேக் லைனிங் கருகும் நாற்றம் மூக்கில் ஏறும். அப்படி நாறுகிறவற்றில் ஆட்டோமேட்டிக்கை 'டி'யில் போட்டுவிட்டு அடிவாரம் வரை பிரேக்கிலேயே கால் வைத்து வருகிற வண்டிகளும் உண்டு, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற மேனுவல்களும் உண்டு. இரண்டாவது ரகத்துக்கு மன்னிப்பே கிடையாது.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் அதை யார் பார்க்கிறார்கள்? வளைவின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு இறங்குவார்கள், ஏறுகிறவர் செங்குத்தில் நின்று நின்று கிளம்ப வேண்டியிருக்கும். விடுமுறை நாளில் 20 வளைவும் அப்படி நின்று ஏறினால் மேனுவல்காரருக்கு முட்டி வலியும் கிளட்ச் செலவும் நிச்சயம். கொல்லிமலைக்கும் அடிக்கடி போகிறவர் என்றால் அங்கே வளைவுகள் 70.

ஊருக்குள்

நீட்ட ஒன்றுமில்லை. ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு, சாயங்கால அஸ்தம்பட்டி ரவுண்டானா. ஆட்டோமேட்டிக்.

ரிப்பேர் வந்தால்

சேலத்தில் எந்தப் பட்டறையிலும் கிளட்ச் மாற்றுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ஆட்டோமேட்டிக் பற்றிக் கேட்டேன். "கிளட்ச் பிளேட்டுன்னா நான் மாத்தித் தந்துடுவேன்ணா. அந்த பாக்ஸைப் பிரிச்சா திரும்ப மூடத் தெரியணுமில்ல?" என்றார். கியர்பாக்ஸுக்குள் கோளாறு என்றால் கம்பெனி சர்வீஸ்தான், பில்லும் அதற்குத் தகுந்தாற்போல்தான் வரும். நல்ல டார்க் கன்வெர்ட்டர் சுலபத்தில் மக்கர் செய்யாது என்பதும் உண்மை. அதன் எதிரி சூடுதான். ஹை ரேஞ்சிலேயே வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஊர்ந்தால் எண்ணெய் கொதிக்கும். லோ ரேஞ்ச் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மண்பாதையில் அதிகம் ஓடுகிற வண்டி என்றால் கியர் ஆயிலைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பேட்டரி இறங்கிவிட்டால் மேனுவலைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், கொஞ்சமாவது சார்ஜ் மிச்சம் இருந்தால். ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஜம்பர் கேபிள் வண்டியிலேயே கிடக்கட்டும், மேலே எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைத்துவிடாது. கட்டி இழுப்பதிலும் கவனம் வேண்டும். மேனுவலை நியூட்ரலில் போட்டு இழுத்துக்கொண்டு வரலாம். ஆட்டோமேட்டிக்கை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் உத்தமம்.

வண்டிக்கு வண்டி

2020-இல் வந்த புதிய தாரின் 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறன். இழுவை மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டிலும் 300 நியூட்டன் மீட்டர். அந்த இழுவை இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. இவ்வளவு கீழேயே பலம் உள்ள இன்ஜினுக்கு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் சரியான ஜோடி. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள். எஸ்டேட்டுக்குப் போகிறவருக்கு அந்தக் காசு தகும். தாரில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடலும் விற்கிறது, உருவம் அதேதான். நம்பர் பிளேட்டு மாட்டிய பிறகு உள்ளே ஃபோர் வீல் லீவரைத் தேடக் கூடாது.

2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் இந்த ஒப்பீடே கோணலாகிவிடுகிறது. அதன் ஃபோர் வீல் டீசலில் மேனுவலுக்கு 152 குதிரைத்திறன், 330 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக்குக்கு 175, 370. கூடுதல் விலையில் கியர்பாக்ஸோடு பலம் கூடிய இன்ஜினும் சேர்ந்து வருகிறது. மேனுவல் விரும்பியைத் தண்டிக்கிற ஏற்பாடு இது என்று எனக்குப் படுகிறது.

ஜிம்னி நேர் எதிர். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர்தான் இழுவை. ஆட்டோமேட்டிக்கில் இருப்பது நான்கே கியர். மேனுவலின் முதல் கியர் விகிதம் 4.4-ஐ ஒட்டி இருக்கிறது, ஆட்டோமேட்டிக்கில் 2.9-ஐ ஒட்டி. எண் பெரிதானால் இழுவையும் இறக்கத்தில் பிடிப்பும் கூடும். புறப்படும்போது அந்த இடைவெளியை டார்க் கன்வெர்ட்டர் நிரப்பிவிடும், இறங்கும்போது நிரப்ப முடியாது. லோ ரேஞ்ச் இரண்டுக்கும் ஒரே 2 மடங்குதான். மலைப்பாதையில் நான்கு பேரோடு ஏறினால் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவே எதில் நிற்பது என்று தெரியாமல் அலையும், இன்ஜின் கத்தும், வண்டி மெதுவாகத்தான் போகும். மேனுவலில் எந்த கியரில் எந்த வளைவு என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வண்டி 1,200 கிலோ அளவில்தான் என்பதால் கிளட்சுக்கும் பெரிய வதை இல்லை. மைலேஜில் பெரிய வித்தியாசம் கிடையாது: கம்பெனிக் கணக்குப்படி மேனுவல் 16.94, ஆட்டோமேட்டிக் 16.39. வீட்டில் முட்டி வலிக்காரர் ஒருவரும் ஓட்ட வேண்டும் என்றால் ஜிம்னியிலும் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம், வேறு காரணத்துக்காக எடுக்காதீர்கள்.

கூர்க்காவில் 2.6 லிட்டர் டீசல், 320 நியூட்டன் மீட்டர், முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக். சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்கும், அதனால் மேனுவலில் கிளட்ச் வித்தை காட்ட வேண்டிய தேவையே குறைகிறது. தோட்டத்தில் டிரைவர் போட்டு ஓட்டுகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஊருக்குள் குடும்பத்தோடு ஓட்டுகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர்கள் பைபாஸில் நேராக ஒரு கிலோமீட்டர் ஓட்டவைத்துத் திரும்பிவிடுவார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை வண்டியைக் கேளுங்கள், முதல் சில வளைவுகளாவது ஏறுங்கள். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டுக் கிளப்பிப் பாருங்கள். திரும்பும்போது ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டாம் கியரில் நிறுத்தி, பிரேக் தொடாமல் எவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு வருகிறது என்று கவனியுங்கள். மேனுவல் என்றால் கிளட்ச் எவ்வளவு கனம், கடிக்கிற இடம் எங்கே என்று. மாட்டேன் என்கிற டீலரை விடுங்கள், அடுத்த டீலர் தருவார்.