தாத் டாரட் சீட்டுக்கட்டு: ஃப்ரீடா ஹாரிஸின் கைவண்ணம்

அலிஸ்டர் குரோலி என்ற ஆங்கில மாந்திரீகரின் பெயரால் விற்பனையாகும் தாத் டாரட் என்ற, குறி பார்க்க உதவும் படச் சீட்டுக்கட்டை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். குறி பார்ப்பதற்காக அல்ல, ஓவியங்களுக்காகவே வாங்கினேன். கொடுத்த பணம் வீண்போகவில்லை.

இதன் 78 சீட்டுகளையும் வரைந்தவர் குரோலி அல்லர். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவியான ஃப்ரீடா ஹாரிஸ், 1938 முதல் 1943 வரை, போர்க்காலத்தின் நடுவிலும், சில படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து இவற்றை முடித்தார். கடனில் நொடித்துப் போயிருந்த குரோலிக்குப் பண உதவியும் செய்தார். 'அட்ஜஸ்ட்மென்ட்' (சமன்செய்தல்) சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய கட்டுகளில் நீதி என்ற பெயரில் அரியணையில் அமர்ந்திருக்கும் பெண், இங்கே முகமூடியுடன், இரு கைகளாலும் வாளைப் பற்றி, கால்விரல் நுனியில் நிற்கிறாள். தராசுத் தட்டுகள் அவள் கிரீடத்திலிருந்தே தொங்குகின்றன. ஆஸ்திரிய ஆன்மிகச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரின் வழிவந்தவர்களிடம் ஹாரிஸ் பயின்ற வடிவியல்தான், பின்னணியில் ஒன்றையொன்று ஊடுருவும் வளைவுகளாகவும் ஒளிக்கற்றைகளாகவும் விரிகிறது.

குரோலியின் வாழ்க்கையை இவ்வளவு மகிழ்ச்சியோடு என்னால் பேச முடியவில்லை. 1920இல் சிசிலியின் செஃபலூவில் அவர் அமைத்த மடத்தில், 1923இல் இளம் சீடர் ஒருவர் நோயுற்று இறந்தார். அதே ஆண்டில் முசோலினியின் அரசு குரோலியை நாடு கடத்தியது. ஹெராயின் பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. ஆயினும் அவருடைய கல்வி ஆழமானது. 1901இல் இலங்கையில் அவருக்கு யோகம் கற்பித்த நண்பர் ஆலன் பென்னட், நம் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனிடம் பயின்றவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அந்தக் கல்வி முழுவதையும் குரோலி இக்கட்டில் கொட்டியிருக்கிறார். 'ஸ்ட்ரெங்த்' (வலிமை) சீட்டை 'லஸ்ட்' (வேட்கை) என்றும், 'டெம்பரன்ஸ்' (நிதானம்) சீட்டை 'ஆர்ட்' (கலை) என்றும் மாற்றியதோடு நில்லாமல், எண் வரிசையில் வரும் சாதாரணச் சீட்டுகளுக்கும் 'கவலை', 'கொடுமை' என்று பொருள்தரும் தலைப்புகளைச் சூட்டினார்.

குறைகளும் உண்டு. என்னிடமுள்ள பதிப்பின் சாம்பல்நிற ஓரங்கள் ஓவியத்தை நெருக்குகின்றன. உடன்வரும் கையேடு, குறியீடுகளை அறியாதவருக்குப் போதாது. சிறிய அளவுக் கட்டில் நுண்கோடுகள் மங்கிவிடுவதால், கலைத்துப் போடுவது சற்றுக் கடினமானாலும் பெரிய அளவையே வாங்குங்கள்.

குரோலி 1947இல் மறைந்தார். ஹாரிஸ் 1962இல் ஸ்ரீநகரில் மறைந்தார். ஓவியங்கள் சீட்டுக்கட்டாக வெளிவந்தது 1969இல்தான். அடுத்த பதிப்பின் பெட்டியிலாவது, குரோலியின் பெயருக்கு இணையான எழுத்தில் ஹாரிஸின் பெயரையும் அச்சிட வேண்டும் என்று பதிப்பாளரை வேண்டிக்கொள்கிறேன்.