தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை: ஒரு மதிப்பீடு

2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, ஒரு கட்டுக் கீரை எத்தனை கைகளைக் கடந்து நம் சமையலறைக்கு வருகிறது என்பதைச் சென்னைவாசிகள் பலர் முதன்முறையாக எண்ணிப் பார்த்தோம். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளையை, அதாவது மாடியில் செடி வளர்க்கத் தேவையான பொருள்களின் தொகுப்பை, நான் வாங்கியதும் அந்த எண்ணத்தால்தான்.

செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள், வேம்பு சார்ந்த பூச்சி மருந்து எனப் புதியவருக்கு வேண்டியவை அதில் இருந்தன. கத்தரியும் வெண்டையும் மனம் நிறையக் காய்த்தன. நார்க்கழிவு ஈரத்தைக் காக்குமே தவிர அதில் சத்து குறைவு, ஆகவே மண்புழு உரமும் கலக்க வேண்டும் என்பதை, ஊரடங்கு நாள்களில் எதிர்வீட்டு மாடியில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தவர் அங்குள்ள பாட்டி. அவரிடம் பாடம் கேட்ட ஐந்து வீட்டார் இன்றும் விதைகளைப் பரிமாறிக்கொள்கிறோம். தளையை வாங்குவோர் அத்தகைய ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள்.