மை வெய் கேடி-8000 தராசு: சதவீதப் பொத்தானுக்காகவே வாங்கலாம்

எடை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எந்தத் தராசும் போதும். மை வெய் கேடி-8000ஐ நான் வாங்கியது அதில் இருக்கும் சதவீதப் பொத்தானுக்காக. தீபாவளி நெருங்கிவிட்டால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுப்படியில் நெய் பிஸ்கட்டும் பட்டர் கேக்கும்தான். ஒருவர் ஒரு போத்தல் கேட்பார், இன்னொருவர் அலுவலகம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் எல்லாப் பொருளையும் பெருக்கி எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மாவைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினால் அந்த மாவு 100 ஆகிவிடுகிறது. அது 300 கிராமோ 3 கிலோவோ, கவலையில்லை. மறுபடி பூஜ்ஜியமாக்கி, 50 வரும்வரை நெய். அப்புறம் பொடித்த சர்க்கரை 50. ரொட்டி சுடுபவர்கள் மாவை 100 என்று வைத்துப் போடும் கணக்குதான் இது.

அந்த 100, 50, 50 என் மாமியாரின் அளவு. ஆனால் அவருக்குப் பால் டின்தான் கணக்கு: 4 டின் மாவு, 2 டின் சர்க்கரைப் பொடி, நெய் 1 டின்னுக்குச் சற்று மேல். “டின் இருக்கும்போது தராசு எதுக்கும்மா?” என்றார். மாவு லேசு, நெய் கனம். அதனால் டின்னில் நாலுக்கு ஒன்றாகத் தெரிவது எடையில் இரண்டுக்கு ஒன்றாக வருகிறது. தராசில் வைத்துக் காட்டியதும் அவருக்கே பிடித்துப்போனது. இப்போது நெய்யிலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம். கியூபிபி நெய் 400 கிராம் டின் ஒன்றைத் திறந்தால் மாவு 800, சர்க்கரை 400. டின்னில் மிச்சம் இல்லை.

கேக்குக்கு இன்னும் உதவி. 8 அங்குல வட்டத் தட்டுக்கு மாவு 250 கிராம்; அதற்கு வெண்ணெய் 100 சதவீதம், சர்க்கரை 80 சதவீதம், முட்டை 100 சதவீதம். 10 அங்குலத் தட்டு கேட்டால் கால் பங்கு கூட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தட்டின் பரப்பு 64க்கு 100 என்ற விகிதத்தில் கூடுகிறது, அதாவது ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். மாவு 390 கிராம் வேண்டும். முட்டை? ஒன்று சுமார் 50 கிராம் என்றால், கணக்குப்படி எட்டுக்குச் சற்றுக் குறைவு. எட்டையும் அடித்து வைத்துக்கொண்டு, 100 காட்டும்வரை ஊற்றினால் சரி. மிஞ்சுவது காலை ஆம்லெட்டுக்கு.

வேகும் நேரத்தை அப்படிப் பெருக்கக் கூடாது. பெரிய தட்டுக்கு நான் 170 டிகிரியை 160 ஆகக் குறைத்து, குச்சி குத்திப் பார்த்துத்தான் இறக்குகிறேன்.

இது 1 கிராம் படியில் காட்டும் தராசு. பெரிய கலவைக்கு அது போதும். 2 கிராம் சமையல் சோடாவுக்கு 1 கிராம் முன்பின் ஆனாலே பாதி அளவு, எனவே 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

8 கிலோ வரை தாங்குவதால் கனமான பீங்கான் கிண்ணத்தையே வைக்கலாம். பொத்தான்கள் மேல் மூடி இருக்கிறது, நெய்க் கையோடு தொட்டாலும் துடைத்துவிடலாம். தானாக அணைவதை நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. வெண்ணெயை அடித்து முடிக்கும்வரை அணையாமல் காத்திருக்கும். மாதம் ஒரு கேக் சுடுபவர்களுக்கு இது அதிகம். வீட்டிலிருந்து ஆர்டர் எடுப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.