பிளேயர் வாங்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

இசைத்தட்டு பிளேயர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று நான் திருப்பிக் கேட்பேன். எல்.பி.க்கள் (வினைலில் செய்த நீண்ட நேரத் தட்டுகள்) மட்டும்தானா, தாத்தா வாங்கிவைத்த, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளும் உண்டா? பதில் அதில்தான் இருக்கிறது.

பெட்டி வடிவில் வரும் மலிவு பிளேயர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. பலவற்றில் ஊசி 5 கிராம் அளவுக்கு அழுத்தும். எல்.பி.க்குச் சுமார் 2 கிராமே போதும்.

ஆடியோ டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். பட்டனை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானே எழுந்து தட்டின் மேல் இறங்கும். தட்டு முடிந்ததும் திரும்பிவிடும். ஊசியின் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருப்பதால், ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கிய பவர்டு ஸ்பீக்கரில் நேராகச் சொருகிக் கேட்கலாம். ஆனால் ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. வேகமும் நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்று என இரண்டுதான்.

ரேகா பிளானார் 1 இங்கிலாந்துத் தயாரிப்பு. தேவையில்லாத எதுவும் அதில் இல்லை. ப்ரீஆம்ப்கூட இல்லை, அதற்குத் தனிச் செலவு. 45-க்கு மாற்ற, தட்டு சுழலும் வட்டைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். நல்ல ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்து எல்.பி. மட்டும் கேட்பவருக்கு இதையே சொல்வேன்.

அரக்குத் தட்டு இருக்கிறதா? அப்படியானால் ஆடியோ டெக்னிகாவின் எல்பி120எக்ஸ். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ், 33⅓, 45, 78 என மூன்று வேகம். பெல்ட்டா டைரக்ட் டிரைவா என்று பலர் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். இந்த விலையில் ஊசியும் அதன் அழுத்தமும்தான் காதுக்கு அதிகம் தெரியும் என்பது என் கருத்து. இதில் கையை நாமே வைத்து நாமே எடுக்க வேண்டும். பழகச் சில நாள் ஆகும்.

வேகம் மட்டும் இருந்தால் போதாது. 78-இன், அதாவது அரக்குத் தட்டின், பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட மிகவும் அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் கிடந்து அலையும், கரகரப்புதான் கேட்கும். தனி ஊசி வேண்டும். எல்பி120எக்ஸில் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றலாம். அதனால் 78-க்கான கார்ட்ரிட்ஜை இன்னொரு ஹெட்ஷெல்லில் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் தட்டை எடுக்கும்போது அதை மாட்டி, ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் கையை இறக்குங்கள்.