பசை ஒட்டி கார் டென்ட் (பள்ளம்) இழுக்கும் கிட்: வாங்கலாமா?

கார் கதவில் எவனோ பைக் ஹேண்டிலால் இடித்துவிட்டுப் போன பள்ளத்துக்காக ஆன்லைனில் வாங்கினேன். பெயிண்ட் உதிராத, ஆழமில்லாத பள்ளத்துக்குத்தான் இது சரி. பாடி லைனில் (தகட்டில் ஓடும் மடிப்புக் கோட்டில்) மடிந்திருந்தால் டிங்கர் கடைதான்.

பள்ளத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் குமிழ்களும், அவற்றைப் பிடித்து இழுக்கும் பாலம் போன்ற பிரிட்ஜ் புல்லரும் உறுதி. கூட வரும், உருக்கி ஒட்டும் பசைக்குச்சி சுத்த மோசம். வெயிலில் சூடேறிய தகட்டில் பிடிக்கவே இல்லை. நிழலில் நிறுத்தி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, வேறு குச்சி போட்ட பிறகுதான் ஒட்டியது.

ஒரே இழுப்பில் எடுக்கப் பார்க்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மேடு தட்டினால் நைலான் முனையை வைத்து மெல்லத் தட்டி இறக்கணும். டியூப்லைட் பிம்பம் தகட்டில் நெளியாமல் ஓடினால் வேலை முடிந்தது. குமிழைக் கழற்றவும் ஆல்கஹால்தான். வெடுக்கென்று பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வரலாம். பட்டி பார்த்து ரீபெயிண்ட் அடித்த வண்டியா? இந்தப் பக்கமே வராதீர்கள்.